வீட்டில் கூட இருப்பவர்கள்

கணிப்பு முப்பத்து நான்கு என்றது.

அது எதன் எண் என்று தெய்வசிகாமணிக்கு உடனே பிடிபடவில்லை. திரையில் மருமகளின் இடுப்பெலும்பு சாம்பல் நிறத்தில் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற அளவில், அந்த எண். பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து வாங்கினால் பாஸ். ஒரே ஒரு மார்க்கில் தன் வீட்டு ஆள் ஃபெயிலாகிவிட்டதுபோல அவருக்கு இருந்தது.

நிமிர்ந்து உட்கார்ந்தார். எழுபத்து மூன்று வயதிலும் அவர் முதுகு நாற்காலியின் சாய்மானத்தைத் தொட்டதில்லை. காங்கேயத்துக்குத் தெற்கே எண்ணெய் மில்லுக்காரர் வீடு என்று சொன்னால் பஸ் கண்டக்டர் நிறுத்தத்துக்கு முன்பே விசிலடித்து இறக்கிவிடுவார். பங்காளித் தகராறு, வரப்புத் தகராறு, கோபித்துக்கொண்டு தாய்வீடு போன பெண்ணைத் திரும்ப அழைத்து வருவது, எல்லாம் அவர் வீட்டு முன்கூடத்தில் பேசித் தீர்ந்துவிடும். அவர் பேசி முடித்த ஒரு விஷயம் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போனதாக யாரும் சொல்ல முடியாது. கோவில் திருவிழாவில் முதல் மரியாதை அவருக்கு. அதை அவர் கேட்டு வாங்கியதில்லை. கொடுக்காமல் இருக்க யாருக்கும் தைரியம் வந்ததுமில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த டாக்டர் பிலோமினாவுக்கு ஐம்பது வயது இருக்கும். விடிகாலையிலிருந்து அறுவைக் கூடத்தில் நின்றிருக்கிறார் என்பது நெற்றியில் பதிந்திருந்த தொப்பித் தழும்பில் தெரிந்தது. கோயம்புத்தூரில் எலும்புக்கென்று இருக்கும் அந்த ஆஸ்பத்திரியில் அவர்தான் மூத்தவர். பேசும்போது குரலை உயர்த்துவதுமில்லை, தாழ்த்துவதுமில்லை.

“பூர்ணிமா மாதிரி நூறு பேருக்கு, உடைஞ்ச இடத்துல ஸ்க்ரூ போட்டு ஒட்டவெச்சோம்னா, ஒரு வருசம் கழிச்சு சொந்த எலும்புல நடக்கறவங்க முப்பத்து நாலு பேருங்கய்யா. மீதிப் பேருக்கு ஒட்டாது. இல்லைன்னா மறுபடி உடையும்.”

“அதுக்கு வயசு நாப்பத்தொண்ணுதானுங்களே.”

“அதான் எனக்கும் இடிக்குது. இந்த வயசுக்கு எழுபது, எண்பது வரணும்.”

முன்பெல்லாம் இந்த மாதிரி முடிவுகளை டாக்டர்கள் படத்தைப் பார்த்து, கையால் அழுத்திப் பார்த்து, அனுபவத்தை வைத்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். சில வருடங்களாக மாநிலம் முழுக்கக் கணிப்பைக் கேட்காமல் கத்தி வைக்கக் கூடாது என்று ஆகிவிட்டது. லட்சக்கணக்கானவர்களின் எலும்புப் படங்களும், அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த விதமும், திரும்பிப் போன வீடும், அதற்குப் பிறகு நடந்தார்களா படுத்தார்களா என்பதும் அதற்குள் இருக்கிறது. வராந்தாவில் காத்திருக்கிறவர்கள் அதற்கு எலும்பு ஜோசியர் என்று பெயர் வைத்திருந்தார்கள். “ஜோசியர் என்ன சொன்னாரு, கல்யாணத்துக்கு முன்னாடி நடந்துருவீங்களா?” என்று ஒருவரை ஒருவர் கேலி பேசிக்கொண்டிருந்ததைத் தெய்வசிகாமணி வரும்போதே கேட்டிருந்தார். அந்தக் கேலி அவருக்குப் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சிரிப்பது மரியாதையில்லை என்பது அவர் எண்ணம்.

ஐம்பதுக்குக் கீழே இருந்தால் ஒட்டுகிற அறுவை கிடையாது, தொடை எலும்பின் தலையை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டுதான் என்றார் டாக்டர். பணம் எவ்வளவானாலும் பரவாயில்லை என்று இவர் சொல்ல வாயெடுத்தபோது அவர் கையால் தடுத்தார். பணம் கட்டினாலும் ஒட்டாத எலும்பை ஒட்டுகிறேன் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். செயற்கை மூட்டு வைத்தால் சீக்கிரம் நடந்துவிடுவாள். ஆனால் நாற்பத்தொரு வயது உடம்பு அந்த மூட்டைத் தேய்த்துவிடும். அறுபதில் மறுபடி திறக்க வேண்டும். கீழே சம்மணம் போட முடியாது. அதையெல்லாம் விட, மூட்டு வைத்த பிறகு இன்னொரு முறை விழுந்தால், மூட்டைத் தாங்கும் கம்பிக்குக் கீழே தொடை பிளந்துகொள்ளும். அதைச் சேர்ப்பது பெரும்பாடு.

“ஒட்ட முடிஞ்சா ஒட்டறதுதான் நல்லது. ஆனா இன்னைக்கே செய்யணும். ஏற்கெனவே விழுந்து ஒரு நாள் முழுசா போயிருச்சு. எலும்புத் தலைக்கு ரத்தம் போற வழி அடைபட்டுக்கிட்டே இருக்கு.”

“அப்புறம் எதுனால இத்தனை கம்மியா சொல்லுதுங்க அது?”

டாக்டர் படத்தை மாற்றினார். இடுப்பு போய் முழு உடம்பின் எலும்புக்கூடு வந்தது. அதில் நான்கைந்து இடங்களில் மெல்லிய மஞ்சள் வட்டங்கள். இடது முன்கை. விலாவில் இரண்டு. வலது கையின் சுண்டுவிரல். தோள்பட்டைக்குப் பக்கத்தில் ஒன்று.

“எல்லாம் பழைய உடைசல். வேற வேற வருசத்துல ஆனது. எந்த ஆஸ்பத்திரியிலயும் இதுக்கு வைத்தியம் பார்த்த தகவல் இல்லை. ஆனா ஒட்டியிருக்கு. லேசா வளைஞ்சு ஒட்டியிருக்கு பாருங்க, இது மூங்கில் பத்தை வெச்சுக் கட்டினது. இந்தக் கைப்பழக்கம் படத்துலயே தெரிஞ்சுரும்.”

தெய்வசிகாமணி வட்டங்களைப் பார்த்தார். ஒவ்வொன்றும் அவருக்குத் தெரிந்த நாள்தான். ஒவ்வொரு தடவையும் டிரைவரை அனுப்பாமல் அவரே காரை எடுத்தார். வெள்ளக்கோவிலைத் தாண்டி ஒரு கட்டு வைத்தியர் இருக்கிறார். பச்சிலையை அரைத்து, முட்டை வெள்ளைக்கருவில் துணியை நனைத்து, இறுக்கிக் கட்டி அனுப்பிவிடுவார். எப்படி ஆனது என்று கேட்க மாட்டார். ஆஸ்பத்திரி என்றால் கேட்பார்கள், எழுதுவார்கள், எழுதியதைப் போலீசுக்கு அனுப்புவார்கள். கட்டு அவிழ்த்த பிறகு கை பழையபடி வேலை செய்தது. அத்துடன் முடிந்தது என்றுதான் அவர் இருந்தார். இந்தத் தடவை தொடை என்பதால் கட்டு வைத்தியரே கைவிரித்துவிட்டார்.

“தோட்டம், மில்லுன்னு இருக்கற ஊடுங்க. அடிபடறது சகசந்தான்.”

“சரிங்கய்யா. ஆனா முன்கையில இந்த ஒத்தை எலும்பு மட்டும் நடுவுல உடையறது, விழுந்தா வராது.” டாக்டர் தன் இடது கையை முகத்துக்குக் குறுக்கே தூக்கினார். “இப்படி வெச்சுக்கிட்டாத்தான் வரும்.”

தூக்கிய வேகத்தில் கையைக் கீழே இறக்கிவிட்டார். அப்படிக் காட்டியது அவருக்கே பிடிக்காததுபோல மேசையில் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தார்.

தெய்வசிகாமணி குரலைத் தாழ்த்தவில்லை. “அப்ப அந்த மெஷினு, எங்க ஊட்டுல பொம்பளையை அடிக்கறாங்கன்னு சொல்லுது. அதானுங்களே?”

“அதுக்கு அடின்னா என்னன்னே தெரியாதுங்க. இப்படி எலும்போட வந்தவங்க மறுபடி எப்படி வந்தாங்கன்னு மட்டுந்தான் தெரியும்.”

“தப்பாவும் சொல்லுமில்லீங்க?”

“சொல்லும்.”

அது தப்பாகச் சொன்ன கதையையும் டாக்டர் மறைக்காமல் சொன்னார். லாரி ஓட்டும் ஒருவரின் மனைவி. பிறவியிலேயே கண்ணாடி மாதிரி எலும்பு. அதுவரை யாருக்கும் தெரியாது. கணிப்பு சொன்னதை நம்பி இவர்கள் போலீசுக்குத் தகவல் கொடுத்தார்கள். அந்த மனிதரைப் பிடித்து உட்காரவைத்து, அடிக்காத அடிக்கு அடித்தார்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்த பிறகு ஆஸ்பத்திரியே போய் மன்னிப்புக் கேட்டது. அந்த அம்மாள் இரண்டாவது முறை கால் உடைந்தபோது இந்தப் படியை மிதிக்கவில்லை. வேறெங்கோ போய், கால் குட்டையாகிவிட்டது.

“அதுலேருந்து நான் முதல்ல வீட்டாளுங்களைத்தான் கேக்கறேன்.”

“அப்படின்னா இதுவும் தப்பா இருக்கலாமுங்க.”

“இருக்கலாம். ரத்தம் எடுத்துப் பார்த்தாச்சு, எலும்பு நல்ல எலும்பு. இருந்தாலும் கணிப்புக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.”

 மகன் பிரதாப் குடிக்கிறவனாக இருந்திருந்தால் சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது இருந்திருக்கும். அவன் டீ கூட அளவாகக் குடிப்பவன். வெள்ளைச் சட்டையில் எண்ணெய்க் கறை படாமல் மில்லில் நாள் முழுக்க நிற்பான். கணக்கில் பிசகமாட்டான். சாப்பாட்டில் உப்பு கூடியிருந்தால், போன் எடுக்கத் தாமதமானால், பேசும்போது எதிர்ப்பேச்சு வந்தால், அவன் கை மட்டும் தனியாக முடிவெடுத்துவிடும். அடுத்த நிமிடம் ஒன்றும் நடக்காத முகத்துடன் செய்தி பார்க்க உட்கார்ந்துவிடுவான். தெய்வசிகாமணி அவனைக் கண்டித்திருக்கிறார். கதவைச் சாத்திக்கொண்டுதான் கண்டித்திருக்கிறார்.

திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் பகுதி இருந்தது. வீட்டில் கூட இருப்பவர்கள் என்று தலைப்பு. அதன் கீழே கணவர், மாமனார் என்று இரண்டு பேர். பேத்தி ஹைதராபாத்தில் படிக்கிறாள் என்பதால் அவள் இல்லை. காலையில் விவரம் கேட்டபோது இவரே சொன்னது அது.

“என்ற பையன் இல்லீன்னா அந்த நெம்பரு மாறுமுங்களா?”

டாக்டர் ஏறிட்டுப் பார்த்தார்.

“திருப்பூருல எங்களுக்கு ஒரு ஊடு இருக்குதுங்க. ஆறு மாசம், ஒரு வருசம், அவன் அங்க இருக்கட்டும். இந்தப் பக்கம் தலை காட்டாம நான் பாத்துக்கறேன். மருமகளை நானே வெச்சுப் பாத்துக்கறேன்.”

தன் வீட்டுக்குள் இருந்ததை அவர் வெளி ஆள் முன்னால் அவிழ்த்தது அதுதான் முதல் தடவை. இவ்வளவு தூரம் இறங்கி வந்தாகிவிட்டது, இனி எல்லாம் சரியாகிவிடும் என்கிற ஒரு நிம்மதியும் அதில் இருந்தது. டாக்டர் அவர் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்தார். கணவர் என்பதைத் தொட்டார். அது மங்கியது.

எண் நாற்பத்தொன்று ஆனது. அங்கேயே நின்றது.

“ஏனுங்க, அவ்வளவுதானா?”

 டாக்டர் திரையில் கையை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். பிறகு, இதைச் செய்துதான் ஆகவேண்டுமா என்பதுபோல ஒரு மூச்சு விட்டு, கணவரைத் திரும்பக் கொண்டுவந்தார். மாமனாரைத் தொட்டார்.

ஐம்பத்திரண்டு.

தெய்வசிகாமணி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தது சரிதானா என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மகன் வீட்டில் இருக்கிறான். தான் இல்லை. ஐம்பத்திரண்டு.

“நான் ஒரு பொம்பளை மேல கை நீட்டினதில்லீங்க. என்ற சம்சாரம் போய்ச் சேர்ற வரைக்கும் அதை ஒரு நாள் அதட்டினது கூட இல்லை.”

“தெரியுதுங்கய்யா. அது யாரு கை நீட்டினாங்கன்னு பார்க்கறதில்லை. அடிபட்டு எவ்வளவு நேரம் கழிச்சு வந்தாங்க, யாரு கூட்டிட்டு வந்தாங்க, கேட்ட கேள்விக்கு யாரு பதில் சொன்னாங்க, இதெல்லாம் பார்க்குது. வீட்டுல பெரியவங்க இல்லைன்னா இந்த மாதிரிப் பெண்கள் முதல் தடவையே தாய்வீட்டுக்குப் போயிடறாங்க. இல்லைன்னா பக்கத்து வீட்டுக்காரங்க உள்ள வந்துடறாங்க. பெரிய மனுசர் ஒருத்தர் இருந்தா யாரும் உள்ள வர்றதில்லை. அவங்களும் வெளிய போறதில்லை.”

அவர் எழுந்துவிட்டார். வேறு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதாகச் சொன்னார். டாக்டர் மறுக்கவில்லை. எங்கே போனாலும் இதே கணிப்புதான், இதே எலும்புதான், ஆனால் வண்டியில் ஏற்றி இறக்குவதற்குள் ஒட்டுகிற வாய்ப்பே போய்விடும் என்று மட்டும் சொன்னார். கதவுப் பிடியில் கை வைத்தபடி தெய்வசிகாமணி திரும்பினார்.

“என்னை எதுக்குங்க கேக்கறீங்க. மருமகளையே கேளுங்க. அது வாயால சொல்லட்டும்.”

“காலையில அவங்களைத்தான் கேட்டோம். நீங்க பதில் சொன்னீங்க.”

“இப்ப நான் இல்லாம கேளுங்க.”

வராந்தாவில் நீளமான இரும்பு நாற்காலிகள். உட்கார்ந்ததும் செல்போன் அடித்தது. பிரதாப். டாக்டர் என்ன கேட்டார்கள், பாத்ரூமில் பாசி வழுக்கியது என்றுதானே சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்டான். சொல்லியிருப்பதாக இவர் சொன்னார். வீட்டுக்கு எப்போது விடுவார்கள் என்று கேட்டான். தெரியாது என்றார்.

“சமையலுக்கு ஒரு ஆளைப் பாக்கணுங்கப்பா. அதுக்குத்தான் கேட்டேன்.”

இவர் போனை மடியில் வைத்தார். எதிர்முனையில் அவன் ஹலோ ஹலோ என்று கூப்பிடுவது சின்னதாகக் கேட்டது. பிறகு நின்றுவிட்டது. அவர் வீட்டு பாத்ரூமில் பாசி கிடையாது. போன தையில்தான் சொரசொரப்பான புது டைல்ஸ் பதித்தார்கள். பாசி என்பது இன்று விடிகாலை ஆஸ்பத்திரிக்குக் காரில் வரும்போது அவருக்குத் தோன்றியது. பின் சீட்டில் மல்லாந்து கிடந்தவளிடம், “பாசி வழுக்கிருச்சுன்னு சொல்லிக்கலாம் அம்மிணி” என்றார். அவள் சரிங்க மாமா என்றாள். வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாளே தவிர, வேறு ஒரு வார்த்தை இல்லை.

டாக்டர் வெளியே வருவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. பக்கத்து நாற்காலியில், நோயாளியின் சொந்தக்காரர்போல வந்து உட்கார்ந்தார்.

“அதையேதான் சொன்னாங்க. பாசின்னாங்க. குழாய் ரொம்ப நாளா ஒழுகிட்டு இருந்துதுன்னு கூடச் சொன்னாங்க. வீட்டுல யாரும் ஒரு சொல்லு சொன்னதில்லை, மாமா பெத்த பொண்ணு மாதிரி பாத்துக்கறார்னாங்க.”

“அப்புறம் என்னங்க?”

“இருபத்தொன்பதுக்குப் போயிருச்சு.”

காலையில் அவர் சொன்ன சொற்களும் இப்போது அவள் தனியாகச் சொன்ன சொற்களும் அச்சுப்போல ஒன்றாக இருந்ததுதான் காரணம் என்றார் டாக்டர். விழுந்தவர்கள் விழுந்த கதையை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாற்றித்தான் சொல்வார்களாம். இன்னும் ஒரு மணி நேரத்தில் அறுவைக் கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும், செயற்கை மூட்டுக்கே எழுதிவிடுகிறேன் என்றார். குரலில் கோபம் இல்லை. இதே வராந்தாவில் இதே மாதிரி எத்தனையோ பேரிடம் சொல்லிச் சலித்த குரல்.

பூர்ணிமா படுத்திருந்த கட்டிலின் கால்மாட்டில், காலை இழுத்துப் பிடிக்கக் கட்டிய ஒரு எடை தொங்கிக்கொண்டிருந்தது. வலிக்கு ஊசி போட்டிருந்ததால் முகம் தெளிந்திருந்தது. இவரைப் பார்த்ததும் கை தன்னால் சேலை முந்தானையைத் தேடியது. ஆஸ்பத்திரிச் சட்டையில் முந்தானை ஏது. போர்வையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

“டாக்டரம்மா தனியா வந்து கேட்டாங்க மாமா. நான் சரியாத்தான் சொன்னேனுங்களா?”

அவர் நின்றுகொண்டே இருந்தார். இருபது வருடங்களுக்கு முன்பு தாராபுரத்தில் பெண் பார்க்கப் போனபோது, இந்தப் பெண் எதிரில் இருந்த பெரியவர்களின் கேள்விகளுக்கெல்லாம் படபடவென்று பதில் சொன்னது அவருக்கு நினைவு வந்தது. வாய் கொஞ்சம் ஜாஸ்தி என்று திரும்பி வரும்போது காரில் பேசிக்கொண்டார்கள். நம்ம வீட்டுக்கு வந்தால் பழகிக்கொள்வாள் என்று அவர்தான் சொன்னார்.

“ஆபரேசன் முடிஞ்சு எங்க போறே அம்மிணி?”

“நம்மூட்டுக்குத்தானுங்க. வேற எங்க போறது?”

“யுவராஜ் ஊட்டுக்குப் போறியா?”

அவள் கண்களில் வந்தது சந்தோஷம் இல்லை, பயம். யுவராஜ் அவள் தம்பி. மூன்று வருடத்துக்கு முன்னால், கை கட்டோடு அக்காவைப் பார்த்துவிட்டு, கொஞ்ச நாள் கூட்டிப் போய் வைத்திருக்கிறேன் என்று கேட்டு வந்தான். தெய்வசிகாமணி அவனை உட்காரவைத்து, இலை போட்டு, பக்கத்தில் நின்று பரிமாறச் சொல்லி, கை கழுவின பிறகு, மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பி வைத்தியம் பார்க்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை என்று சொல்லி அனுப்பினார். அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச முடியாதபடி அத்தனை மரியாதையாகச் சொன்னார்.

“வேண்டாமுங்க மாமா. வெச்சுப் பாக்க மாட்டாம அனுப்பிப்போட்டாங்கன்னு ஊருல பேசுவாங்க. உங்களுக்குத்தான் தலைகுனிவு.”

அதுவும் அவருடைய வார்த்தைதான். வார்த்தை மாறாமல் அவருக்கே திரும்பி வந்தது.

“ரொம்ப வலிக்குதா?” என்று கேட்டார். இத்தனை வருடத்தில், கட்டு வைத்தியர் வீட்டுக்கு ஓட்டிப்போன நாட்களில் ஒன்றில்கூட அதைக் கேட்டதில்லை என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது.

“இப்ப இல்லீங்க,” என்றாள் அவள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வராந்தாவின் கடைசி ஜன்னலில் நின்று தாராபுரத்துக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்ததும், “யுவராஜு, நான் காங்கேயத்துல இருந்து மாமா பேசறேன்” என்றார்.  அவன் கேட்டான்.

“அக்கா உசுரோட இருக்குதுங்களா?”

 இவருடைய குரலைக் கேட்டதும் ஒரு மனிதனுக்கு முதலில் தோன்றுகிற கேள்வி இதுவாக இருக்கிறது. எத்தனை வருடமாக அவன் ஒவ்வொரு போன் மணிக்கும் இதை மனதில் வைத்துக்கொண்டு எடுத்திருப்பான். இருக்கிறாள் என்றார். கால் உடைந்திருக்கிறது என்றார். ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லி, உடனே புறப்பட்டு வா, முடிந்த பிறகு உன் வீட்டுக்குத்தான் கூட்டிப் போக வேண்டும் என்றார். அவன் காரணம் கேட்கவில்லை. வண்டிச் சாவியை எடுக்கும் சத்தம் போனிலேயே கேட்டது.

டாக்டர் அறைக்குள் இவர் போனபோது அவர் டம்ளரில் ஆறிப்போன காபியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“பாசி இல்லீங்க,” என்றார் தெய்வசிகாமணி.

டாக்டர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“என்ற பையன் தள்ளிவுட்டான். மாடிப் படியில. நான் கீழ கூடத்துல இருந்தேன், பாத்தேன். அந்தக் கையி, விலா எலும்பு, எல்லாம் அவன்தான். எல்லாத்துக்கும் நாந்தான் காரு ஓட்டினேன்.”

சொல்லி முடித்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இதைக் கேட்ட பிறகு தகவல் கொடுக்காமல் இருக்க முடியாது, உங்கள் பெயரும் அதில் வரும் என்றார் டாக்டர். தெரியும் என்றார் இவர். எத்தனை வீட்டு விஷயத்தை ஸ்டேஷனுக்குப் போகாமல் தடுத்தோம் என்று ஒரு கணம் நினைத்தார். அந்த வீடுகளில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டின கைகள் எத்தனை இருந்தன என்று அடுத்து நினைத்தார். தாய்வீட்டிலிருந்து அவர் பேசித் திருப்பி அழைத்து வந்த பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாக யோசித்துப் பார்க்க முயன்றார். ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை. அவர்களுடைய அப்பன்மாரின் முகங்கள்தான் வந்தன, கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு.

டாக்டர் திரையை இழுத்துக்கொண்டார். முகவரியை மாற்றினார். கணவரை எடுத்தார். தம்பி, தம்பி மனைவி என்று சேர்த்தார். விரல் மாமனாரின் மேல் வந்து நின்றது.

“வந்து பார்த்துட்டுப் போறவங்கன்னு ஒரு இடம் இருக்குங்கய்யா. அதுல உங்களைப் போடட்டுங்களா? நீங்க உண்மையைச் சொல்லியிருக்கீங்க.”

“போட்டா என்னாகுமுங்க?”

போட்டுக் காட்டினார். அறுபத்தாறு.

உண்மையைச் சொன்னதற்கென்று கணிப்பில் எங்கேயும் ஒன்றும் கூடவில்லை. சொல்லிவிட்டு மனம் மாறினவர்கள், இரண்டு மாதம் கழித்துத் தட்டு நிறையப் பழத்தோடு போய்க் கூப்பிட்டு வந்தவர்கள், எத்தனை பேரை அது பார்த்திருக்கிறதோ. தெய்வசிகாமணி தனக்குத்தானே கேட்டுப் பார்த்தார். ஊரில் நாலு பேர் கேட்டால், பேத்திக்கு ஒரு வரன் வந்தால், பிரதாப் முன்கூடத்தில் வந்து தலையைக் குனிந்து நின்றால், தான் தாராபுரத்துக்கு வண்டியெடுக்க மாட்டோம் என்று நிச்சயமாகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

“எடுத்துருங்க.”

“முழுசாவா?”

“முழுசா.”

எழுபத்தெட்டு என்றது கணிப்பு.  டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, “ஒட்டிப் பார்க்கலாம்” என்று எழுந்து கை கழுவப் போனார்.

யுவராஜ் வந்து சேர்ந்தபோது பூர்ணிமாவை உள்ளே கொண்டுபோகத் தயாராக்கிக்கொண்டிருந்தார்கள். சட்டையின் பொத்தானைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு படியேறி ஓடி வந்தவன், இவரைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் நின்று கும்பிட்டான். பக்கத்தில் உட்காராமல் எதிர் வரிசையில் போய் உட்கார்ந்தான்.  இவர் மடியில் போன் மூன்றாவது முறையாக அதிர்ந்தது. இவர் எடுக்கவில்லை.

அறுவைக் கூடத்தின் கதவு பாதி திறந்தது. பச்சைத் தொப்பி போட்ட ஒரு நர்ஸ் தலையை நீட்டினாள். கையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பை. அதற்குள் தோடும் மூக்குத்தியும் இருப்பது தெரிந்தது.

“பூர்ணிமா கூட வந்தவங்க யாருங்க?”

வராந்தாவில் இருந்த எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அந்தப் பெரியவரைத்தான் பார்த்தார்கள். யுவராஜும் பார்த்தான், அனுமதிக்குக் காத்திருப்பவன்போல.

தெய்வசிகாமணி எழுந்திருக்கவில்லை. இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நர்ஸ் இன்னொரு முறை கேட்டாள். அவன் எழுந்து போனான்.